முத்துமீனாளின் பதிமூன்றாவது மாதம்

"தம்பி, வருஷத்துக்கு எத்தன மாசம்?"

கடைக்குள் வந்ததும் முத்துமீனாள் கேட்ட முதல் கேள்வி அதுதான். 2024 ஜூலை கடைசி வாரம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து, வடக்கு ரத வீதியில் வளையல் கடைக்காரர்கள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் பிரின்ஸின் நெட் சென்டரில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் தங்கை நான் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அங்கே வந்து உட்கார்ந்தேன். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய ஆசிரியர்களும் மில் ஆட்களும் வரிசையாக வருகிற வாரம் அது.

"பன்னெண்டுக்கா" என்றான் பிரின்ஸ். "ஏன், சர்க்கார் மாத்திட்டாங்களா?"

"சர்க்கார் மாத்தல. எங்க மில்லு மாத்தியிருக்கு."

ஐம்பது வயதைக் கடந்தவர். ஒல்லியான ஆள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. பனவடலிசத்திரம் போகிற ரோட்டில் இருக்கிற ஒரு நூற்பு மில்லில் ஆய்வகப் பொறுப்பாளர். அன்று அவர் கையில் இருந்தது ஃபாரம் பதினாறு. ஒரு வருஷத்தில் உங்களுக்கு இவ்வளவு சம்பளம் கொடுத்தோம், அதில் இவ்வளவு வரி பிடித்து அரசுக்குக் கட்டினோம் என்று முதலாளி எழுதித் தருகிற தாள். அதில் சம்பளம் ஏழு லட்சத்து எண்பதாயிரம் என்று இருந்தது.

"என் சம்பளம் மாசம் அறுபதாயிரம். வகுத்துப் பாரு."

பிரின்ஸ் வகுத்துப் பார்த்தான். பதிமூன்று வந்தது.

"போனஸா இருக்கும்க்கா."

"சூப்பர்வைசருக்கெல்லாம் போனஸ் கிடையாது. தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு சேலையும்."

"அந்தச் சேலயச் சேத்துட்டாங்களோ என்னமோ."

"அறுபதாயிரத்துக்கா? எங்க மொதலாளி அண்ணாச்சி எடுத்துக் குடுத்த சேலய நீ பாக்கணும். ரெண்டு தரம் நனைச்சா கொசுவலதான்."

பன்னிரண்டு மாதம் என்றால் அவருக்கு வரியே கிடையாது. பதிமூன்று என்று எழுதியதால் எல்லையைத் தாண்டிவிட்டது. மார்ச் சம்பளத்தில் இருபத்தொன்பதாயிரம் சொச்சம் பிடித்தம் போயிருந்தது. அப்போதே மில் கணக்குப்பிள்ளை செல்லப்பாவிடம் கேட்டிருக்கிறார். "ஃபாரம் வரட்டும்மா, அதுல வெவரம் இருக்கும்" என்று அவர் சொல்லியிருக்கிறார். ஃபாரம் வந்தது. ஒரு மாதம் கூடுதலாக வந்ததே தவிர விவரம் எதுவும் வரவில்லை.

நான் இடையில் வாயைக் கொடுத்தேன். "எத்தியோப்பியாவுல நெசமாவே பதிமூணு மாசம்க்கா. நான் அங்க ஆறு மாசம் இருந்தேன்."

மீனாக்கா என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அங்கன சம்பளமும் பதிமூணு தரம் உண்டா?"

"இல்ல. கடைசி மாசத்துக்கு அஞ்சே நாள்தான். அதுக்குச் சம்பளம் கிடையாதுன்னு நான் தங்கியிருந்த வீட்டு அம்மா பொலம்புவாங்க."

"பாத்தியா. அங்கனயே குடுக்கல" என்று பிரின்ஸ் பக்கம் திரும்பினார்.

அவன் சொன்னது இதுதான்: ஃபாரத்தில் என்ன இருக்கிறதோ அதே எண்தான் வரித்துறைக் கணினியிலும் தானாக வந்து நிற்கிறது. வேறு எண் போட்டால் நோட்டீஸ் வரும். இப்போதைக்கு உள்ளபடி போட்டுவிட்டு, மில்லில் திருத்திய ஃபாரம் வாங்கிக்கொண்டு வந்தால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் கணக்கைத் திருத்திவிடலாம். அந்தத் தேதி தாண்டினால் பதிமூன்று மாதம் பதிமூன்று மாதம்தான்.

அன்று எழுந்து போய்விட்டார். தாக்கலுக்குக் கடைசி நாளான முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் திரும்பி வந்தார். கைப்பேசியில் வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுமுன், "இத சொன்னா கையெழுத்துப் போட்ட மாதிரியா?" என்று கேட்டார்.

"கையெழுத்தேதான்க்கா."

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். கடைசி இலக்கத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிறுத்தினார் என்றால், பிரின்ஸ் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தயக்கம் எனக்குப் புரியவில்லை. பணத்துக்காகத் தயங்குகிற முகம் அப்படி இருக்காது. ஒரு எண்ணுக்காக ஒருவர் அவ்வளவு சங்கடப்படுவதை நான் பார்த்ததில்லை. ஆகஸ்டில் ஒரு நாள், நூல் எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வரலாமா என்று போன் செய்து கேட்டுவிட்டு மில்லுக்குப் போனேன்.

ஆய்வகம் ஒரு சின்னக் குளிர் அறை. வெளியே இயந்திரங்களின் இரைச்சலில் ஆட்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். கதவைச் சாத்தினால் உள்ளே தராசின் முள் அசைவதுகூடக் கேட்கும் போலிருந்தது. மீனாக்கா ஒரு கைராட்டினத்தில் நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி, அந்தச் சிட்டத்தைத் தராசில் வைத்து எடை பார்த்தார். எடை குறையக் குறைய நூல் மெலிசு. நூல் மெலிசாக ஆக அதன் நம்பர் கூடும். நாற்பதாம் நம்பர் என்று சொல்லி முப்பத்தெட்டாம் நம்பரை ஏற்றி அனுப்பினால் வாங்குகிறவனுக்குத் துணி தடித்துப் போகும், விலையும் ஒத்துவராது. ஆகவே ஒவ்வொரு லோடுடனும் ஒரு சீட்டு போகும். அதில் நம்பரை எழுதி அவர் கையெழுத்துப் போடுவார்.

சீட்டைப் பற்றிய கதையைச் சொன்னது அவர் இல்லை, டீ கொண்டுவந்த இசக்கித்தாய். அறையைப் பெருக்கித் துடைக்கிறவர். மீனாக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து கூட இருக்கிறவர்.

"லாரி வாசல்ல நிக்கி. மானேசரு வந்து, நாப்பதுன்னு எழுதிக் குடும்மாங்காரு. இவ முப்பத்தெட்டரைன்னு எழுதி நீட்டுதா. அவரு கிழிச்சுப் போடுதாரு. இவ மறுக்கா எழுதுதா. மூணு தரம்ட்டி! மூணாவது சீட்ட எடுத்துட்டு அவரு நேரா மொதலாளிகிட்ட போனாரு. நான் இவ சாப்பாட்டுத் தூக்குச் சட்டிய எடுத்து வச்சிட்டேன். இன்னையோட வேல போச்சுன்னு."

"போச்சா?"

"எங்க போச்சு. லாரிதான் நின்னுச்சு. வெலயக் கொறச்சு வித்தாங்க. மொதலாளி மூணு வாரம் இவகிட்ட பேசல."

"இருபது வருஷத்துக்கு முந்தின கத. வேலயப் பாரு அக்கா" என்றார் மீனாக்கா. பிறகு என்னிடம், "நான் தப்பு நம்பருக்குக் கையெழுத்துப் போட்டது கிடையாது. ஜூலை முப்பத்தொண்ணாந் தேதிதான் மொத தரம்" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த இருபத்தொன்பதாயிரம் அவருக்கும் பெரிய தொகைதான். குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக்காரர் மானாவாரியில் உளுந்து போட்டிருந்தார். அந்த வருஷ மழை உருப்படியாக இல்லை. ஆனால் அவரைத் தூங்க விடாமல் செய்தது அது இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குப் பிறகு ஒரு பொய் எண் அவர் பெயரில், அவர் ஒப்புதலோடு, நிரந்தரமாக நிற்கப்போகிறது.

எனக்கு வேறு ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பதிமூன்றாவது மாதம் எங்கிருந்துதான் வந்தது? வரித்துறை இணையதளத்தில், நம் பெயரில் யார் யார் எந்தத் தேதியில் என்ன கொடுத்தார்கள் என்று காட்டுகிற பட்டியல் ஒன்று உண்டு. மீனாக்காவின் அனுமதியோடு அதை இறக்கினேன். பதிமூன்று பதிவுகள் இருந்தன. முதல் பதிவு 2023 ஏப்ரல் ஒன்று. இரண்டாவது பதிவு ஏப்ரல் இருபத்தொன்பது. ஒரே ஏப்ரலில் இரண்டு சம்பளம்.

போனில் அவரிடம் சொன்னேன். "2023 மார்ச் முப்பத்தொண்ணு என்ன கிழம, பாரு" என்றார்.

பார்த்தேன். வெள்ளிக்கிழமை.

மறுமுனையில் சிரிப்பு வந்தது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அப்பம் சரிதான். அண்ணாச்சி ஓ.டி.பி. சொல்லியிருக்க மாட்டாரு."

மில் முதலாளி தில்லைநாயகம் அண்ணாச்சி செவ்வாயும் வெள்ளியும் பணத்தை வெளியே விடமாட்டார். விட்டால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். அவர் அப்பா காலத்தில் அந்த இரண்டு நாளும் இரும்புப் பெட்டி திறக்காது. இப்போது சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. செல்லப்பா எல்லாருடைய தொகையையும் கணினியில் ஏற்றிவிடுவார், ஆனால் கடைசியில் அனுமதிக்கிற ஓ.டி.பி. எண் அண்ணாச்சியின் கைப்பேசிக்கு வரும். வெள்ளிக்கிழமை வந்தால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். மறுநாள், ராகுகாலம் கழித்து, பதினோரு மணிக்குச் சொல்வார். மற்ற மாதங்களில் ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. மார்ச் முப்பத்தொன்றில் மட்டும் அந்த ஒரு நாளில் வரி வருஷமே மாறிவிடுகிறது. சம்பளம் எந்த மாதத்துக்கு உரியதோ அந்தக் கணக்கில்தான் வரவேண்டும் என்பது சட்டம். செல்லப்பாவோ சம்பளம் கொடுத்த தேதியை வைத்துக் கூட்டிவிட்டார்.

காரணம் தெரிந்துவிட்டது. திருத்துவதுதான் நடக்கவில்லை. செப்டம்பர் போயிற்று, அக்டோபர் போயிற்று. செல்லப்பா நல்ல மனிதர். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு திருத்தக் கணக்கும் அனுப்பியதில்லை. அந்தப் பெருமை அவரைத் தடுத்தது. கேட்கும்போதெல்லாம் "ஆடிட்டர்ட்ட சொல்லியிருக்கேன்மா" என்பார். ராஜபாளையத்து ஆடிட்டரோ, முதலாளி கையெழுத்தோடு காரணம் எழுதிய கடிதம் வேண்டும் என்றார். முதலாளியிடம் போய்க் கேட்க செல்லப்பாவுக்குத் துணிவில்லை. நவம்பரும் முடிந்தது.

டிசம்பர் நாலாம் தேதி மீனாக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ வந்து அந்த லிஸ்ட்ட அண்ணாச்சிக்குக் காட்டு மக்கா. நான் சொன்னா வாய்ப்பேச்சு. பேப்பரப் பாத்தா நம்புவாரு."

தில்லைநாயகம் அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேசையில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் நீட்டிய பட்டியலை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். செல்லப்பா சுவரோரம் நின்றார்.

"இதுல என்னவே தப்பு? குடுத்த அன்னைக்குத் தேதி போட்டிருக்கேரு" என்றார் செல்லப்பாவிடம்.

"ஆமாண்ணாச்சி."

"குடுத்த தேதி சரி அண்ணாச்சி" என்றார் மீனாக்கா. "நான் வேல பாத்தது அதுக்கு முந்தின மாசம்லா. வேல பாத்த மாசத்துலதான அது சேரணும்?"

"அப்பம் என்ன, வெள்ளிக்கிழம பெட்டியத் தொறக்கச் சொல்லுதியா?"

"உங்க பெட்டிய நான் தொறக்கச் சொல்லல. இப்பம் பெட்டி எங்க இருக்கு? எல்லாம் போனுதான."

"போனும் பெட்டிதான்" என்று அண்ணாச்சி அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். "கடுதாசி எழுதணும்ங்கான் ஆடிட்டர். காரணம்னு நான் என்ன எழுத? வெள்ளிக்கிழமைன்னு எழுதினா அவன் ஆபீஸ்ல உள்ள பயலுவ பூராம் சிரிப்பானுவ. கணக்கு தப்பிட்டுன்னு எழுதினா இந்தா, இவரு மூஞ்சி தொங்கும்."

செல்லப்பாவின் முகம் ஏற்கெனவே தொங்கித்தான் இருந்தது.

"பதினோரு சூப்பர்வைசர் இருக்கான். எல்லாவனுக்கும் இதே ஃபாரம்தான். ஒருத்தன் வாயத் தொறக்கல. உனக்கு மட்டும் என்ன மீனா?"

"அவங்க கூட்டிப் பாக்கல."

அண்ணாச்சி பட்டியலை மறுபடி எடுத்தார். விரல் முதல் பதிவில் நின்றது. எனக்கு அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பட்டியலை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அவர் ஒரே தடவையில் கண்டுபிடித்ததை நான் பார்க்கவில்லை.

"இந்த வருஷம் பதிமூணு. அப்பம் அதுக்கு முந்தின வருஷம் பதினொண்ணுல்லா?"

அண்ணாச்சி பட்டியலைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசம் அங்கன கொறஞ்சுதான இங்கன கூடியிருக்கு? போன வருஷம் பதினொண்ணுன்னு ஃபாரம் வந்தப்பம் நீ கூட்டிப் பாத்தியா? வந்து கேட்டியா? கொறஞ்சா கண்ணு தெரியாது, கூடினா மட்டும் தெரியுமோ?"

மீனாக்கா பூதக்கண்ணாடியின் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டார்.

வெளியே அவருடைய ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு நேராக ரத வீதிக்கு விட்டார். கடைக்கு வந்ததும், "போன வருஷத்த எடு" என்றார்.

எடுத்தோம். பதினொன்று. அந்த வருஷம் பதினோரு மாதச் சம்பளம் மட்டும் காட்டியதால் கழிவுகள் போக வரி ஏதும் வரவில்லை. அந்த வருஷம் வரி எல்லை இன்னும் கீழே இருந்தது, பன்னிரண்டாவதைச் சேர்த்தால் வரி உண்டு. அந்தக் கணக்கை மில்லில் எல்லாருக்கும் போலச் செல்லப்பாதான் இலவசமாகத் தாக்கல் செய்திருந்தார். ஓ.டி.பி. வந்தபோது மீனாக்கா நூற்புக் கூடத்தில் நின்றிருந்தார். காதைப் பொத்திக்கொண்டு, போனில் ஆறு இலக்கத்தையும் கத்திச் சொன்னார். என்ன எண்ணுக்குச் சொல்கிறோம் என்று கேட்கவே இல்லை.

"அப்பம் ஜூலையில போட்டது மொத தரம் இல்ல" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நாள் ஆளைக் காணோம். போனும் வரவில்லை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் என்ன செய்வார்? பிரின்ஸுக்குச் சந்தேகமே இல்லை. "விட்ருவாங்க. ரெண்டு வருஷத்தயும் சேத்தா இருவத்தி நாலு மாசம், சரியாப் போச்சு. யாருட்டி போன வருஷத்தக் கிண்டப் போறா? வரிக்காரனே கேக்கல."

"அண்ணாச்சி கேட்டுட்டாருல்லா."

"அவரு வாயடைக்கக் கேட்டாரு. வாயும் அடைச்சாச்சு."

அடுத்த திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே மீனாக்கா வாசலில் நின்றார். கையில் ஒரு முழுத்தாள், கையால் எழுதியது. முதலாளிக்கு விண்ணப்பம். 2022-23இல் எனக்கு ஒரு மாதச் சம்பளம் குறைவாகவும் 2023-24இல் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகவும் காட்டப்பட்டுள்ளது, இரண்டு ஃபாரங்களையும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

பிரின்ஸ் எட்டிப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "யக்கா, பணம் கட்டுறதுன்னா மட்டும் பழைய வருஷத்தத் திருத்த விடுவான். வரி, வட்டி, அதுக்கு மேல கூடுதல் வரி. இருவத்தோராயிரம் கிட்ட கட்டணும். தெரியுமா?"

"தெரியும். கணக்குப் பாத்தேன்."

"அப்பம் வாற இருவத்தொம்பதுல எட்டாயிரந்தான் மிச்சம்."

"அதயும் இதயும் எதுக்குல முடிச்சுப் போடுத? வாறது வரட்டும், போறது போவட்டும்." பேனாவை மூடினார். "கூடினத மட்டும் திருத்தினா அண்ணாச்சி சொன்னது நெசமாயிரும்."

விண்ணப்பத்தை நகலெடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அறையில் நடந்ததை செல்லப்பா பிற்பாடு கடைக்கு வந்தபோது சொன்னார். அண்ணாச்சி தாளை இரண்டு தடவை படித்தாராம். "ரெண்டுமா?" என்று கேட்டாராம். "ரெண்டும்தான் அண்ணாச்சி" என்றாராம் மீனாக்கா.

"பெறவு?" என்றேன் நான்.

"பெறவென்ன. எழுதும்வேன்னாரு. காரணம்னு என்ன எழுதன்னு கேட்டேன். வெள்ளிக்கிழமைங்கத எழுதாதேயும், ஒம்ம பேரையும் எழுதாதேயும், மத்தத எழுதும்ங்காரு. மத்ததுன்னா என்ன இருக்கு சொல்லு? சம்பளம் வழங்கிய தேதியை வைத்துக் கணக்கிட்டதால் ஏற்பட்ட பிழைன்னு ஒரு வரி எழுதினேன். அத மூணு தரம் திருத்தினாரு. கடைசியில நான் மொதல்ல எழுதினதுலதான் கையெழுத்துப் போட்டாரு." செல்லப்பா வெற்றிலைப் பையைத் திறந்து, ஞாபகம் வந்தவராக மறுபடி மூடினார். கணினிகள் இருக்கிற இடம். "மீனா பேருல மட்டும் திருத்தம் போவுது. கேட்டவங்களுக்கு மட்டும்னுட்டாரு ஆடிட்டரு. மத்த பத்துப் பேரும் கேக்கல."

"நீங்க அவங்ககிட்ட சொல்லலயா?"

"சொன்னேனே. போன வருஷத்தயும் சேத்துல்லா திருத்தணும்னதும் எல்லாரும் வேலையப் பாக்கப் போயிட்டாங்க."

மில்லிலிருந்து திருத்திய கணக்கு பன்னிரண்டாம் தேதி போயிற்று. அது வரித்துறையில் ஏறி, புது ஃபாரம் இறங்க வேண்டும். கிறிஸ்துமஸ் வந்தது. வீட்டில் அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்க, நான் மீனாக்காவின் கணக்கைத் திறந்து திறந்து பார்த்தேன். இருபத்தாறு, இருபத்தேழு, ஒன்றுமில்லை. மீனாக்கா ஒரு நாளும் போன் செய்து கேட்கவில்லை. நான்தான் செய்தேன். "வந்தா வரும் மக்கா" என்பார். ஆனால் போன் ஒரு தடவை அடித்து முடியுமுன் எடுத்துவிடுவார்.

முப்பதாம் தேதி மத்தியானம் செல்லப்பா தன் டி.வி.எஸ்ஸில் நேராகக் கடை வாசலில் வந்து இறங்கினார். சட்டைப் பைக்குள் நான்காக மடித்த இரண்டு ஃபாரங்கள். ஒன்று ஏழு லட்சத்து இருபதாயிரம். பன்னிரண்டு மாதம். மற்றதும் பன்னிரண்டு. மீனாக்கா ஷிப்ட் முடிந்து நாலரைக்கு வந்தார். நின்றபடியே இரண்டு தாளிலும் எண்களை மேலிருந்து கீழாகக் கூட்டினார். பிறகு கீழிருந்து மேலாகக் கூட்டினார். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

ஓ.டி.பி. வந்தது. இந்தத் தடவை கணினித் திரையில் என்ன எண் இருக்கிறது என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு, ஆறு இலக்கத்தையும் நிறுத்தாமல் சொன்னார். மூன்று வாரம் கழித்து, பொங்கல் முடிந்து, பழைய வருஷத்துக்கும் வரியைக் கட்டித் திருத்தினோம். பணம் கட்டிய ரசீதைப் பிரின்ஸ்தான் அதிக வருத்தத்தோடு பிரிண்ட் எடுத்தான்.

எனக்கு அத்தோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமில்லையே, செவ்வாய்க்கிழமையும் உண்டே. பழைய காலண்டர்களைத் தேடினேன். 2015 மார்ச் முப்பத்தொன்று செவ்வாய். 2017இல் வெள்ளி. 2020இல் மறுபடி செவ்வாய். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன்.

மறுநாளே ஒரு மஞ்சள் பையில் பழைய ஃபாரங்களை எல்லாம் கொண்டுவந்துவிட்டார். வரி இல்லாத வருஷங்களிலும் செல்லப்பா எல்லாருக்கும் ஃபாரம் கொடுத்திருந்தார். மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஆறு தாள்கள்: மூன்று பதினொன்று, மூன்று பதிமூன்று.

"இதத் திருத்த முடியாதா?"

"காலம் தாண்டிட்டுக்கா. அந்த வருஷங்கள்ல உங்களுக்கு வரியும் கிடையாது. கூடினாலும் கொறஞ்சாலும் ஒண்ணுதான்."

"ம்."

பேனாவை எடுத்தார். ஆய்வகப் பதிவேட்டில் ஒரு எண் தப்பினால் அழிக்கவோ வெள்ளை பூசவோ கூடாதாம். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி, மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கக் கையெழுத்து, தேதி. முதல் தாளில் அப்படிச் செய்தார். இரண்டாவதில் செய்தார். அச்சிட்ட மொத்தத்தை நம்பாமல் ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் புதிதாகக் கூட்டித்தான் எழுதினார்; ஊதிய உயர்வு எந்த வருஷம் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. ஐந்து தாள் முடிந்தது. ஆறாவது 2020-21. அதில் பேனா நின்றது. அந்த ஏப்ரலில் ஊரடங்கு, மில் மூடிக் கிடந்தது. பாதிச் சம்பளம் என்று ஞாபகம், ஆனால் மே மாதமும் பாதியா, முழுசா?

"தோராயமா போடுங்கக்கா" என்றான் பிரின்ஸ். "யாரு பாக்கப் போறா?"

அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் செல்லப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"செல்லப்பா அண்ணாச்சி, ரெண்டாயிரத்து இருவது மே மாசம் எனக்கு என்ன குடுத்தீய?"

"ஏம்மா, அதுல என்ன இப்பம்?"

"ஒண்ணுமில்ல. நம்பர் வேணும்."

"அது பழைய ரெஜிஸ்டர்லா. மாடி ரூம்புல கெடக்கும்." நாற்காலி நகர்ந்தது. "இரு, ஏறிப் பாக்குதேன். வைக்காத."

மீனாக்கா பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி காத்திருந்தார். செல்லப்பா மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறுகிற சத்தம் போனில் கேட்டது. நானும் பிரின்ஸும்கூடக் கேட்டுக்கொண்டிருந்தோம்.